பக்கவாதத்திற்குப் பின் கையசைவு: மெய்நிகர் கருவிப் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா?

மலையோரத்து மகள் | நவம்பர் 2

அனைவருக்கும் வணக்கம். குலசேகரத்திற்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் என் அப்பா 31 ஆண்டுகளாக ரப்பர் பால் வெட்டி வந்தார். அவருக்கு வயது 58. ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இரவு, வலது கை கனக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்தவர், விடியற்காலையில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்ப எழுந்தபோது அப்படியே சரிந்து விழுந்தார். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தபோது அறிகுறி தொடங்கி ஒன்பது மணி நேரம் கடந்திருந்தது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டோம். அந்த இரவிலேயே அழைத்துச் செல்லாமல் விட்டோமே என்ற வருத்தம் எனக்கும் தம்பிக்கும் இன்னும் தீரவில்லை.

இன்றோடு 75 நாட்கள் ஆகின்றன. கம்பு ஊன்றி முற்றம் வரை நடக்கிறார். பேச்சு சற்றுக் குழறினாலும் புரிகிறது. கைதான் சிக்கலாக இருக்கிறது. தோள் அசைகிறது, முழங்கை மடங்குகிறது, விரல்கள் மூடுகின்றன; ஆனால் மூடிய விரல்கள் திறப்பதில்லை. தேநீர் டம்ளரைக் கொடுத்தால் பிடித்துக்கொள்கிறார், குடித்து முடித்த பிறகு விட முடியாமல், இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கிறார்.

நாகர்கோவிலில் ஒரு தனியார் மையத்தில் மெய்நிகர் கருவி மூலம் பயிற்சி தருவதாகச் சொல்கிறார்கள். தலையில் ஹெட்செட் மாட்டி, கையால் விளையாட்டு போல ஏதோ செய்ய வைக்கிறார்கள். 20 அமர்வுகளுக்கு 30,000 ரூபாய், முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்ட வேண்டும். இதைத் தொடங்கினால் இப்போது செய்துவரும் சாதாரணப் பயிற்சியை நிறுத்திவிடலாம் என்றும் சொன்னார்கள். தம்பி அம்மாவின் செயினை அடகு வைக்கத் தயாராக இருக்கிறான். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.


தக்கலை இயன்முறை | நவம்பர் 2

சகோதரி, உங்கள் பதிவில் என்னைத் தடுத்து நிறுத்திய வரி, சாதாரணப் பயிற்சியை நிறுத்திவிடலாம் என்று அவர்கள் சொன்னதுதான். பணம் கட்டுவதற்கு முன் அந்த மையத்தில் பணிபுரியும் இயன்முறை மருத்துவரிடமே நேரில் கேளுங்கள்: இது வழக்கமான பயிற்சிக்கு மேலே கூடுதலாகத் தரப்படுகிறதா, அதற்குப் பதிலாகத் தரப்படுகிறதா? மற்ற எல்லாவற்றையும் இதன் பதிலை வைத்தே முடிவு செய்யலாம்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அடைப்பினால் இறந்துபோன மூளை நரம்பணுக்கள் மீண்டும் உயிர் பெறுவதில்லை. அவற்றுக்கு அருகிலும் மூளையின் மறுபக்கத்திலும் நல்ல நிலையில் இருக்கும் பகுதிகள், அந்தக் கையை இயக்கும் வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்கின்றன. அந்தக் கல்வி திரும்பத் திரும்பச் செய்வதால் மட்டுமே நடக்கும். ஆய்வகங்களில் விலங்குகளின் மூளையில் இந்த மாற்றத்தைக் கண்டவர்கள், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை ஒரே செயலைச் செய்ய வைத்தே கண்டார்கள். ஆனால் 2009இல் வெளியான ஓர் ஆய்வில் 312 பயிற்சி அமர்வுகளை அருகிலிருந்து எண்ணிப் பார்த்தபோது, கைப்பயிற்சி நடந்த அமர்வு ஒன்றில் நோயாளி பயனுள்ள கைச்செயலைச் செய்தது சராசரியாக 32 முறைதான். நூற்றுக்கணக்குக்கும் முப்பத்திரண்டுக்கும் இடையே உள்ள இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் மெய்நிகர் கருவிகள் மருத்துவத்துக்குள் வந்தன. சுவரைப் பார்த்துக்கொண்டு இருநூறு முறை கையை நீட்டச் சொன்னால் யாருக்கும் சலித்துவிடும். திரையில் ஒரு பந்து வந்து அதைத் தட்டினால் மறையும் என்றால் எண்ணிக்கை தெரியாமலே கூடும். ஒவ்வொரு முயற்சிக்கும் சரியா தவறா என்ற பதில் உடனே கிடைப்பதும், கை தேறத் தேற விளையாட்டைக் கடினமாக்க முடிவதும் கூடுதல் நன்மைகள்.

ஆய்வுகள் சொல்வதையும் எழுதிவிடுகிறேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் 72 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 2,470 பேரையும் தொகுத்துப் பார்த்தபோது, அதே அளவு நேரம் வழக்கமான பயிற்சி செய்தவர்களைவிட மெய்நிகர் பயிற்சி செய்தவர்களின் கை சிறப்பாகத் தேறவில்லை. வழக்கமான பயிற்சியோடு இதையும் சேர்த்து, மொத்தப் பயிற்சி நேரத்தைக் கூட்டியபோது பலன் தெரிந்தது. 2025இல் அதே தொகுப்பைப் புதுப்பித்தார்கள். 190 ஆய்வுகள், 7,188 பேர். இந்த முறை வழக்கமான பயிற்சியோடு ஒப்பிட்டபோதும் சிறிதளவு முன்னேற்றம் தென்பட்டது. சிறிதளவு என்ற சொல்லைக் கவனமாகப் படியுங்கள். வழக்கமானதை நிறுத்திவிட்டு இதற்கு மாறலாம் என்று சொல்ல இந்த இரண்டு தொகுப்புகளிலும் இடமில்லை.

ஆனால் காலம் தாழ்த்தவும் வேண்டாம். 2021இல் வெளியான ஓர் ஆய்வில் 72 பேரைப் பிரித்து, வழக்கமான சிகிச்சைக்கு மேல் 20 மணி நேரக் கைப்பயிற்சியை வெவ்வேறு காலங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் வந்து 60 முதல் 90 நாட்களுக்குள் பெற்றவர்களிடம்தான் முன்னேற்றம் மிகுதியாகத் தெரிந்தது. உங்கள் அப்பா இப்போது அந்தக் காலத்துக்குள்தான் நிற்கிறார். 90ஆம் நாளோடு கதவு அடைபட்டுவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். இந்த வாரங்களில் பயிற்சி ஒரு நாளும் விட்டுப்போகக் கூடாது என்று கொள்ளுங்கள். அந்த ஆய்வில் எந்தச் செயலைப் பழக வேண்டும் என்பதை நோயாளிகளே தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் அப்பாவிடமும் கேட்டுப் பாருங்கள்.


குளச்சல் கரை | நவம்பர் 3

தங்கச்சி, என் வீட்டுக்காரருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்தது. விசைப்படகில் தொழில் செய்தவர். மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு, இடது கையும் காலும் தளர்ந்துவிட்டன. அதைவிடப் பெரிய துன்பம், இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர் மனம் மறந்திருந்தது. கண் பார்வையில் பழுதில்லை என்று மருத்துவர் சொன்னார். ஆனால் தட்டில் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, சோறு தீர்ந்துவிட்டது, இன்னும் வை என்பார். இடது பாதி அப்படியே இருக்கும்.

கேரளப் பக்கம் ஒரு மையத்தில் முதலில் ஹெட்செட் மாட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் குமட்டல் வந்து கழற்றிவிட்டார். நாற்பது ஆண்டு கடலில் ஆடிய மனிதருக்கு அறைக்குள் நாற்காலியில் இருந்தபடி தலைசுற்றியதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. உடம்பு அசையாமல் இருக்கும்போது கண் மட்டும் அசைவைக் காண்பதால் சிலருக்கு இப்படி ஆகும் என்று அங்கிருந்த பெண் விளக்கினார். பிறகு ஹெட்செட் இல்லாமல் பெரிய திரைக்கு முன் உட்கார வைத்தார்கள். திரையில் மீன்கள் நீந்தி வரும், கையை நீட்டி அவற்றைத் தொட வேண்டும். வலமிருந்து வரும் மீன்களை ஒன்றுவிடாமல் தொட்டார், இடமிருந்து வந்தவற்றில் ஒன்றைக்கூடக் காணவில்லை. அந்தப் பெண் திரையின் இடது ஓரத்தில் ஒரு சிவப்புத் துணியை ஒட்டி, ஒவ்வொரு முறையும் முதலில் துணியைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும் என்று பழக்கினார். மூன்றாம் வாரத்தில் இடது பக்கத்து மீன்களும் பிடிபட்டன.

ஆனால் வீட்டில் தட்டின் இடது பாதிச் சோறு அப்போதும் மிஞ்சியது. திரையில் கற்றது தட்டுக்கு வரவில்லை. நான் அதே சிவப்புத் துணியில் ஒரு கீற்றுக் கிழித்துத் தட்டின் இடது ஓரத்தில் வைத்தேன். பேசும்போது அவருக்கு இடது பக்கமாகவே உட்கார்ந்தேன். அப்படி இரண்டு மாதம் கழிந்த பிறகுதான் தட்டு முழுவதும் காலியானது. ஆகையால் அங்கே என்ன பழக்குகிறார்களோ, அதே அசைவை வீட்டில் எந்த வேலையில் செய்வது என்று அன்றன்றைக்கே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.


ஓய்வாசிரியர் கோட்டாறு | நவம்பர் 3

முப்பதாயிரம் ரூபாய் என்பது பால் வெட்டும் தொழிலாளி குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய தொகை என்பதை நினைத்துப் பார்த்தே இதை எழுதுகிறேன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம் நாட்டு நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களின் இல்லாத கையில் தோன்றும் வலிக்கு ஒரு சாதாரணக் கண்ணாடியைக் கொண்டு வழி கண்டார். அவரும் உடன் உழைத்தவர்களும் 1999இல் அதே கண்ணாடியைப் பக்கவாதத்தில் தளர்ந்த கைக்கும் பயன்படுத்தி, ஒன்பது நோயாளிகளிடம் கண்ட பலனை வெளியிட்டார்கள். 2018இல் காக்ரேன் தொகுத்தபோது கண்ணாடிப் பயிற்சி பற்றி 62 ஆய்வுகள் இருந்தன. கையசைவும் அன்றாடச் செயல்களும் ஓரளவு மேம்படுவதாக அவை காட்டின.

மேசையின் நடுவே முகம் பார்க்கும் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, தளர்ந்த கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து வைத்து, நல்ல கையை முன்னால் வைத்து விரல்களை விரித்து மூட வேண்டும். கண்ணாடியில் தெரியும் கை, தளர்ந்த கையே அசைவது போல மூளைக்குத் தோன்றும். இதுவும் ஒரு மெய்நிகர்க் காட்சிதானே? இதற்கு ஒரு கண்ணாடியின் விலைக்கு மேல் ஆகாது. பெட்டிக்குள் மின்கலம் இருந்தால்தான் மருத்துவம் என்று நம் மக்களை நம்ப வைப்பது எனக்குப் பெரிய மனவேதனையைத் தருகிறது.


தக்கலை இயன்முறை | நவம்பர் 4

ஆசிரியர் ஐயா சொன்ன கண்ணாடிப் பயிற்சியை நானும் கொடுக்கிறேன். விரல் திறக்காத கைக்கு அது நல்ல தொடக்கம். நாள்தோறும் அரை மணி நேரமாவது வேண்டும், பார்வை கண்ணாடியை விட்டு விலகக் கூடாது. ஆனால் கையை நீட்டி ஒரு பொருளை எட்டி எடுக்கும் பயிற்சியைக் கண்ணாடி தராது. இரண்டும் வேண்டும், ஐயா.


மார்த்தாண்டம் மென்பொருள் | நவம்பர் 4

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் இல்லை, திருவனந்தபுரத்தில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஹெட்செட்டின் வெளிப்புறத்தில் சிறிய கேமராக்கள் இருக்கும். அவை கையைப் படம் பிடித்து, விரல் மூட்டுகள் எங்கே இருக்கின்றன என்று ஒவ்வொரு நொடியும் பலமுறை கணக்கிட்டு, காட்சியில் ஒரு கையை வரைகின்றன. உண்மைக் கை நான்கு விரற்கடை அசைந்தால் காட்சியில் எட்டு விரற்கடை அசைந்தது போலக் காட்டவும் மென்பொருளால் முடியும். அக்காவின் அப்பாவைப் போல முடங்கிய விரல்கள் உள்ளவர்களின் கையைக் கேமரா சில வேளைகளில் சரியாக அடையாளம் காணாது. ஆகவே பணம் கட்டும் முன் அவர் கையிலேயே ஒரு முறை சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

விளையாட்டுக் கருவிகளை நம்பியே முழுச் சிகிச்சையையும் அமைப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2010இல் வெளியிட்ட, உடலசைவைக் கண்டறியும் கினெக்ட் விளையாட்டுக் கேமராவைக் கொண்டு உலகெங்கும் மறுவாழ்வு மென்பொருள்கள் எழுதப்பட்டன. 2017இல் அந்த நிறுவனம் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 2006இல் வந்த நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியைச் சோதிக்க, 14 மருத்துவமனைகளில் பக்கவாதம் வந்த 141 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவிடம் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அந்த முடிவுகள் 2016இல் வெளியானபோது, சீட்டாடியும் கட்டைகளை அடுக்கியும் கைக்குப் பயிற்சி தந்த மற்றொரு குழுவும் அதே அளவுக்கே தேறியிருந்தது. படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருந்தாலும், நம் வீட்டில் இருக்கும் பொருள்களுக்கு எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதும் அதில் தெரிந்தது.

நோயாளிகளுக்கென்றே உருவாக்கப்பட்ட கருவிகளும் நம் மாநிலத்தில் உண்டு. வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐஐடியும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ என்ற சிறிய ரோபோ, மணிக்கட்டையும் விரல்களையும் விளையாட்டு வழியே பழக்குகிறது. நோயாளியால் முடியாத அளவுக்கு மட்டும் தானாக உதவுகிறது. மருத்துவர் அக்கா, திறன்பேசிக் கேமராவைக் கொண்டு கை எத்தனை முறை நீண்டது என்று எண்ணும் எளிய செயலி ஒன்றை நான் எழுதித் தந்தால் பயன்படுமா?


விளவங்கோடு வாசகர் | நவம்பர் 5

எங்கள் பக்கத்தில் பக்கவாதம் என்றால் முதலில் வர்ம ஆசானிடம்தான் போவோம். எண்ணெய்த் தடவலோடு இந்தப் பயிற்சியையும் சேர்த்துச் செய்யலாமா என்று மருத்துவர் சொன்னால் நன்றாக இருக்கும்.


கிராமச் செவிலி | நவம்பர் 5

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக உள்ளவர்களுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே வருகிறது என்பதை இங்கே யாரும் எழுதவில்லை. சகோதரி, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் நாளைக்கே பதியுங்கள்.

வீட்டார் கற்றுக்கொண்டு செய்தாலே போதும் என்று சிலர் நினைப்பார்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு இதைச் சோதித்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள். குடும்பத்தாருக்குப் பயிற்சி தந்து அவர்கள் வழியே மறுவாழ்வு அளித்ததால், ஆறு மாத முடிவில் இறப்போ பிறரைச் சார்ந்திருக்கும் நிலையோ குறையவில்லை. நானும் வீடு வீடாகப் போகிறவள் என்பதால் இந்த முடிவு என்னை வெகுநாள் உறுத்தியது. மகள்களும் மருமகள்களும் படும் பாடு வீண் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. சமையலுக்கும் கூலி வேலைக்கும் நடுவே அவர்கள் தலையில் மட்டும் இதைச் சுமத்திவிட்டுத் தேர்ச்சி பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது என்றே எடுத்துக்கொள்கிறேன். கருவி வந்தாலும் இதே நிலைதான்; அருகில் நின்று பார்க்க ஒரு தேர்ந்த கண் வேண்டும்.


தக்கலை இயன்முறை | நவம்பர் 6

செவிலி அம்மா சொன்ன தேர்ந்த கண் எதைப் பார்க்க வேண்டும் என்பதை எழுதுகிறேன். மெய்நிகர் விளையாட்டில் புள்ளி ஏறுவதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கை நீளாதபோது நோயாளி இடுப்பிலிருந்து முழு உடம்பையும் முன்னால் சாய்த்துப் பந்தைத் தொட்டுவிடுவார். கருவி அதற்கும் புள்ளி தரும். மூளை கற்றுக்கொள்வது சாயும் வழக்கத்தைத்தான். நான் ஒரு தோள்துண்டை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் நாற்காலி முதுகோடு, மூச்சுக்குத் தடையில்லாமல் தளர்வாகக் கட்டிவிடுவேன். அதன் பிறகு முழங்கை நீண்டாக வேண்டும். முதல் நாள் புள்ளி பாதியாகக் குறையும், வீட்டார் முகம் வாடும். அந்தக் குறைந்த புள்ளிதான் கையின் உண்மையான நிலை.

வலிப்பு வந்தவர்கள், மின்னும் ஒளி ஒவ்வாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஹெட்செட் மாட்டக் கூடாது. நின்றுகொண்டு செய்யவும் கூடாது. காட்சிக்குள் மூழ்கியவருக்குத் தரை தெரியாது, விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். தோளில் வலி இருந்தால் தோளுக்கு மேல் கையை உயர்த்தும் விளையாட்டுகளை விட்டுவிட வேண்டும்.

விளவங்கோடு நண்பருக்கு: மென்மையாக எண்ணெய் தடவுவதில் எனக்கு மறுப்பில்லை. தளர்ந்த கையைப் பிடித்து இழுக்கவோ சுளுக்கு எடுக்கவோ விடாதீர்கள். தசைகள் தளர்ந்து தாங்கிப் பிடிக்காத தோள் மூட்டு எளிதில் நழுவும். இரத்த அழுத்த மாத்திரையையும் இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையையும் மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

மார்த்தாண்டம் தம்பிக்கு: கட்டாயம் பயன்படும். எண்ணுவதோடு தோள் முன்னால் சாய்ந்ததா என்பதையும் உங்கள் செயலி சொல்லிவிட்டால் எனக்குப் பேருதவி.


மலையோரத்து மகள் | டிசம்பர் 7

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

நாகர்கோவில் மையத்தில் இயன்முறை மருத்துவரைத் தனியே சந்தித்து, கூடுதலாகவா பதிலாகவா என்று கேட்டேன். வழக்கமான பயிற்சியை ஒருபோதும் நிறுத்தக் கூடாது என்று அவரே சொன்னார். முன்பு எங்களிடம் பேசியவர் கட்டணம் வாங்கும் இடத்தில் இருப்பவராம். மொத்தத் தொகையாகக் கட்ட இயலாது என்று எடுத்துச் சொன்னதும், வாரத்துக்கு இரண்டு அமர்வு, அன்றன்றைக்குக் கட்டணம் என்று ஒப்புக்கொண்டார்கள். அடகுக் கடைக்குப் போகவில்லை. ஆசாரிப்பள்ளத்துப் பயிற்சியும் தொடர்கிறது. சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்த பிறகு வீட்டுக்கும் ஒருவர் வருகிறார்.

ஹெட்செட்டில் அப்பாவுக்குத் தலைசுற்றவில்லை. முதலில் பனி படர்ந்த மலையில் ஆப்பிள் பறிக்கும் காட்சியைக் கொடுத்தார்கள், அவர் மனம் அதில் ஒட்டவே இல்லை. சிறு கிண்ணங்களை எடுத்து வாளியில் கவிழ்க்கும் விளையாட்டு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மரத்துக்கு மரம் சிரட்டையை எடுத்துப் பாலை வாளியில் ஊற்றும் வேலைதானே அது. துண்டால் உடம்பைக் கட்டிய பிறகும் நாற்பது நிமிடத்தில் 160 முறை கையை நீட்டியதாகக் கருவி காட்டியது. வீட்டில் எந்தச் செயலைப் பழக வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டோம். சிரட்டை என்றார்.

தம்பி இருபது பழைய சிரட்டைகளைக் கழுவிக் காயவைத்து, திண்ணையில் ஒரு பலகைமேல் வரிசையாக வைத்திருக்கிறான். காலையில் கண்ணாடிப் பயிற்சி, அது முடிந்ததும் சிரட்டை. டம்ளரைவிடச் சிரட்டை அவருக்கு எளிதாக இருக்கிறது, விளிம்பைப் பற்றினால் போதும். விடுவதற்குத்தான் நேரமாகிறது. மணிக்கட்டைச் சற்றுக் கீழே தாழ்த்தினால் விரல்கள் தாமாகத் தளர்வதை அவரே கண்டுபிடித்தார். மருத்துவரிடம் சொன்னபோது, இப்போதைக்குச் செய்யட்டும், பிறகு மணிக்கட்டை நேராக வைத்தே திறக்கப் பழக்குவோம் என்றார்.

ஒரு நிமிடத்தில் எத்தனை மரக்கட்டைகளை ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு மாற்றுகிறார் என்று எண்ணும் சோதனையில் நவம்பர் தொடக்கத்தில் 3 வந்தது, சென்ற வாரம் 8 வந்தது. இடது கையால் 52 மாற்றுகிறார். பால் வெட்டும் கத்தியை இன்னும் பிடிக்க முடியவில்லை, பிடித்தாலும் பட்டைக்குள் சரியான ஆழத்தில் இறக்கும் பக்குவம் வரவில்லை. நேற்று மழை விட்ட நேரத்தில், யாரும் கேட்காமலே ஒரு சிரட்டையில் தண்ணீர் மொண்டு வலது கையாலேயே வாளியில் ஊற்றினார். பாதிக்கு மேல் வேட்டியில் சிந்தியது. சிரட்டையை மறுபடியும் நிரப்பச் சொன்னார்.

மார்த்தாண்டம் தம்பி, நீங்கள் அனுப்பிய செயலியில் திண்ணை வெளிச்சத்தில் கை தெரிகிறது, ஆனால் தோள் சாய்வதைப் பல வேளைகளில் அது கவனிக்கவில்லை. திறன்பேசியை முன்னால் வைக்க வேண்டுமா, பக்கவாட்டில் வைக்க வேண்டுமா, எந்த உயரத்தில் என்று எழுதுங்கள். தம்பி மூங்கிலில் ஒரு தாங்கி செய்து வைத்திருக்கிறான்.